பல் வெள்ளையாக்கலும் புகைப்பழக்கமும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரில் மாலை நேரங்களில் பல் நோயாளர்களைப் பார்க்கிறேன். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் மே மாதம் சீசன் தொடங்குவதற்கு முன்பும், தையிலும் ஆவணியிலும் கல்யாணங்கள் நெருங்கும்போதும் "பல்லைக் கொஞ்சம் வெள்ளையாக்க வேண்டும் டொக்டர்" என்று வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். அப்படி வரும் ஆண்களில் பலர் புகைப்பவர்கள். கதிரையில் சாய்ந்ததும் அவர்கள் கேட்பது திரும்பத் திரும்ப ஒரே கேள்விகளைத்தான். வெளியே ஆட்கள் காத்திருக்கும் அவசரத்தில் நான் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

நான் சிகரெட் குடிக்கிறவன். எனக்கு வெள்ளையாக்குதல் வேலை செய்யுமா?

செய்யும். புகைப்பவரின் பல் வெளுக்காது என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது, அது சரியில்லை. பல்லுக்கு அச்செடுத்துச் செய்த மெல்லிய ட்ரேயில் ஜெல் வைத்து வீட்டில் வெளுக்கும் முறையைப் புகைப்பவர்களிடமும் புகைக்காதவர்களிடமும் செய்து ஒப்பிட்ட ஆய்வுகள் இருக்கின்றன. சிகிச்சை முடிந்த கையோடு பார்த்தால் இரு சாராரின் பல்லும் ஏறத்தாழ ஒரே அளவுதான் வெளுத்திருந்தது. வித்தியாசம் அதற்குப் பிறகு தொடங்குகிறது. புகைப்பவரின் பல்லில் ஒவ்வொரு நாளும் புதுக்கறை மேலே ஏறிக்கொண்டே இருக்கும். அதை ஒழுங்காகச் சுத்தம் செய்யாவிட்டால் கீழே இருக்கும் வெண்மை யார் கண்ணுக்கும் தெரியாது. இருபது, முப்பது வருடம் புகைத்து நிறம் உள்ளே ஊறிப்போனவர்களுக்கு மட்டும் சிகிச்சையே நீண்ட நாள் எடுக்கும்.

புகை எப்படிப் பல்லின் நிறத்தை மாற்றுகிறது?

இரண்டு பொருள்கள்: நிக்கோட்டின், தார். நிக்கோட்டினுக்குத் தனியே நிறம் கிடையாது. ஒட்சிசன் பட்டதும் அது மஞ்சளாகிறது. நீண்ட காலம் புகைப்பவர்களின் விரல் நுனி மஞ்சளாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தார் பிறவியிலேயே கரும்பழுப்பு, பிசுபிசுப்பு.

இவை பல்லில் ஒட்டுவதற்கு ஒரு வழி இருக்கிறது. நாம் பல் துலக்கிய சில நிமிடங்களுக்குள் உமிழ்நீரில் உள்ள புரதங்கள் பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தைப் போட்டுவிடும். அது பல்லைக் காக்கிற படலம். ஆனால் தாருக்கும் தேயிலைச் சாயத்துக்கும் பிடித்துக்கொள்ள இடம் கொடுப்பதும் அதுதான். நம் ஊர்த் தேநீர்க்கடையில் ஒரு பிளேன் டீ, கூடவே சில்லறைக்கு ஒரு சிகரெட் என்று வாங்கி நின்றபடியே முடிப்பவர்கள் இரண்டு சாயத்தையும் ஒரே நேரத்தில் ஏற்றுகிறார்கள். அந்தப் படலத்தின் மேல் அழுக்கு சேர்ந்து, உமிழ்நீரில் உள்ள கல்சியத்தால் இறுகிக் காரையாகிவிட்டால் பிரஷ்ஷால் எடுக்கவே முடியாது. கீழ் முன்பற்களின் உட்பக்கத்தை ஒரு சின்னக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். உமிழ்நீர்ச் சுரப்பி வந்து திறப்பது அந்த இடத்தில்தான். காரை முதலில் அங்கேதான் கட்டும். புகைப்பவர்களுக்கு அது கறுப்பாகவே இருக்கும்.

அடுத்தது உள்ளே போகிற நிறம். பல்லின் வெளி ஓடான எனாமல் கண்ணாடி போல வழுவழுப்பாகத் தெரிந்தாலும் அதில் நுண்ணிய வெடிப்புகள் உண்டு. வருடக்கணக்கில் நிறம் அவற்றின் வழியே ஊறி இறங்கும். வயது போகப் போக எனாமல் தேயும். அடியில் உள்ள டென்டின் படை இயல்பிலேயே மஞ்சள் சாயல் உடையது, அதுவும் வெளியே தெரியத் தொடங்கும். ஐம்பது வயதுப் புகைப்பவர் ஒருவரின் பல்லில் இவை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்.

கிளீனிங் செய்வதும் வெள்ளையாக்குவதும் ஒன்றா?

வேறு வேறு. கிளீனிங் என்பது வெளியே படிந்த காரையையும் கறையையும் கருவியால் சுரண்டி எடுத்து, பல்லை மெருகேற்றுவது. வெள்ளையாக்கலில் ஹைட்ரஜன் பெரொக்சைட், அல்லது அதை மெதுவாக வெளியிடும் கார்பமைட் பெரொக்சைட் என்ற ஜெல் பயன்படும். அதிலிருந்து பிறக்கும் ஒட்சிசன் எனாமலைத் தாண்டி உள்ளே போய், நிறமுள்ள பெரிய மூலக்கூறுகளை உடைத்து வெளிறச் செய்கிறது.

புகைப்பவர் யார் வந்தாலும் முதலில் கிளீனிங் செய்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் வரச் சொல்கிறேன். காரையின் மேல் ஜெல் பூசினால் ஜெல்தான் வீண். இன்னொரு காரணமும் உண்டு: கிளீனிங் முடிந்து கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் "இது போதும் டொக்டர்" என்று எழும்பிப் போனவர்கள் பலர். அவர்களுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அரச வைத்தியசாலைப் பல் சிகிச்சைப் பிரிவில் கிளீனிங்கைக் காசு இல்லாமலே செய்துகொள்ளலாம். வெள்ளையாக்கலுக்குக் காசு சேர்க்கும் முன் அதைச் செய்து பாருங்கள்.

எத்தனை நாள் எடுக்கும்? வீட்டில் செய்வது நல்லதா, கிளினிக்கில் செய்வதா?

வீட்டு முறையில் உங்கள் பல்லுக்கு அச்செடுத்து மெல்லிய ட்ரே ஒன்று செய்து தருவோம். ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு அரிசிமணி அளவு ஜெல் வைத்து இரவில் போட்டுக்கொண்டு தூங்கலாம். வழமையாகப் பயன்படுவது 10 சதவீதக் கார்பமைட் பெரொக்சைட். அதிலிருந்து கிடைக்கும் ஹைட்ரஜன் பெரொக்சைட் ஏறத்தாழ 3.5 சதவீதம்தான். 1989இல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் ஹேவுட், ஹெய்மன் இருவரும் இந்த முறையை எழுதி வெளியிட்டார்கள். இன்றுவரை அதிகம் நம்பப்படும் முறை இதுதான். வயதால் மஞ்சளான சாதாரணப் பல்லுக்கு இரண்டு வாரம் அளவில் போதும். ஆழமாக ஊறிய நிக்கோட்டின் கறைக்கு ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை தேவைப்படலாம்.

கிளினிக்கில் செய்வது 25 முதல் 40 சதவீதம் வரையான வலுவான ஹைட்ரஜன் பெரொக்சைட். முரசை (ஈறை) பாதுகாப்புப் பூச்சால் மூடிவிட்டு, ஒரு மணித்தியாலம் அளவில் முடிப்போம். கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்று வருபவர்களுக்கு அது உதவும். ஆனால் அன்று மாலை நீங்கள் கண்ணாடியில் காணும் வெண்மையில் ஒரு பங்கு, பல் வாய் திறந்தபடி காய்ந்து போனதால் வந்தது. ஓரிரு நாளில் ஈரம் ஏறியதும் நிறம் கொஞ்சம் இறங்கும். நீல விளக்குப் பிடிப்பதாலும் நீடித்த கூடுதல் பலன் எதுவும் கிடைப்பதில்லை. புகைப்பவருக்கு நான் வீட்டு முறையையே சொல்வேன். மாப்பிள்ளை என்றால் மூன்று மாதம் முன்னதாக வாருங்கள்.

சிகிச்சை நடக்கும் நாள்களில் ஒன்றிரண்டு சிகரெட் பரவாயில்லையா?

தயவுசெய்து வேண்டாம். ட்ரே வாயில் இருக்கும்போது புகைப்பதை நான் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. புகையில் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் நிறைய இருக்கின்றன. அவையும் பெரொக்சைட்டும் ஒரே நேரத்தில் வாயின் மெல்லிய தோலில் படவேண்டாம் என்பது முன்னெச்சரிக்கை. கிளினிக்கில் வெளுத்த பிறகு முதல் இரண்டு நாள் புகை, பிளேன் டீ, வெற்றிலை, பீற்றூட், மஞ்சள் தூக்கலான கறி எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். "சிகரெட் இல்லாமல் இரண்டு நாள் இருக்க முடியாது" என்று ஒருவர் சொன்னால், வெள்ளையாக்கலைத் தள்ளிப் போடுவது நல்லது என்று நேராகச் சொல்லிவிடுவேன்.

வெளுத்த நிறம் எவ்வளவு காலம் நிற்கும்?

புகைக்காதவருக்கு ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும். தொடர்ந்து புகைப்பவருக்குச் சில மாதங்களிலேயே மேற்பூச்சு ஏறிவிடும். நல்ல செய்தி, அந்தக் கறையில் பெரும்பகுதி மேலோடுதான் இருக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு கிளீனிங் செய்தால் அடியில் உள்ள வெண்மை திரும்பத் தெரியும். ட்ரேயைப் பத்திரமாக வைத்திருந்தால் வருடத்தில் சில இரவுகள் மீண்டும் ஜெல் போட்டுக்கொள்ளலாம். ஜெல்லை அடிக்கடி போட்டுக்கொண்டு சிகரெட்டைத் தொடர்வது என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் பல் மட்டும்தான் இருக்கிறது. முரசும் கன்னமும் நாக்கும் இல்லை.

என் முரசில் இரத்தமே வருவதில்லை. பிறகேன் முரசைக் குத்திக் குத்திப் பார்க்கிறீர்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் வாசிக்க நேரம் இருக்கிறது என்றால் இதை வாசியுங்கள்.

முரசு நோய் வந்தால் பல் துலக்கும்போது இரத்தம் கசியும். அது உடம்பு அடிக்கிற மணி. நிக்கோட்டின் முரசின் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் புகைப்பவர் பலருக்கு அந்த மணி சரியாக அடிப்பதில்லை. மேலே முரசு வெளிறி, இறுக்கமாக, நல்லது போலத் தெரியும். அடியில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருக்கும். நாற்பது வயதில், வலி எதுவும் இல்லாமல், முன்பல் ஆடுகிறது என்று வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் தாங்காது. பல் வெள்ளையாக இருக்கும். நிற்க எலும்பு இருக்காது.

நான் கையில் வைத்திருப்பது மில்லிமீற்றர் கோடு போட்ட மெல்லிய அளவுகோல். பல்லுக்கும் முரசுக்கும் இடையில் அது 3 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கினால் வெள்ளையாக்கலை ஓரமாக வைத்துவிட்டு முரசுக்கு மருத்துவம் செய்வோம். இன்னொன்று: புகையை விட்ட சில வாரங்களில் முரசில் இரத்தம் வரத் தொடங்கலாம். அதைக் கண்டு "விட்டதால்தான் வந்தது" என்று பயந்து மீண்டும் பற்ற வைத்தவர்கள் உண்டு. இரத்த ஓட்டம் திரும்பி வருகிறது என்பதன் அடையாளம் அது. பயப்படாமல் வந்து காட்டுங்கள்.

முன்பல்லில் தொப்பி (பல்லின் மேல் மாட்டும் செயற்கை உறை) போட்டிருக்கிறேன். அதுவும் வெளுக்குமா?

வெளுக்காது. தொப்பி, நிரப்பிய பல், கட்டிய பல் எதன் நிறத்தையும் பெரொக்சைட் மாற்றாது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மணமகனுக்கு இதை முன்கூட்டியே சொல்லத் தவறிவிட்டேன். சுற்றியிருந்த பற்கள் வெளுத்ததும் நடுவில் இருந்த பழைய தொப்பி மட்டும் மஞ்சளாகத் துருத்திக்கொண்டு தெரிந்தது. கல்யாணப் படங்களில் அவர் வாயை மூடியே சிரித்தார். அது என் பிழை. அன்று முதல், வாயில் எந்தப் பல் சொந்தப் பல், எது செய்த பல் என்று காட்டிய பிறகே அச்செடுக்கிறேன். முதலில் வெளுத்து, இரண்டு வாரம் பொறுத்து, வந்த நிறத்துக்குப் பொருத்தமாகப் புதுத் தொப்பியோ நிரப்பலோ செய்ய வேண்டும். உடனே நிரப்பினால் பல்லில் தங்கியிருக்கும் ஒட்சிசன் அதைச் சரியாக ஒட்ட விடாது.

நான் புகைப்பதில்லை, வெற்றிலை மட்டும்தான். காவி போகுமா?

காவியில் பெரும்பகுதி கிளீனிங்கிலேயே போகும். பாக்கில் உள்ள துவர்ப்புப் பொருள்கள் சுண்ணாம்போடு சேர்ந்து சிவந்து பல்லில் ஏறுவதுதான் காவி. வெற்றிலை நம் வீட்டு விசேஷங்களில் எவ்வளவு மரியாதையான பொருள் என்பது எனக்குத் தெரியும். தட்டில் வெற்றிலை பாக்கு வைக்காமல் ஒரு கல்யாணமும் நடக்காது. தினமும் மெல்லுகிற பழக்கத்தைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

"புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்பது பாதுகாப்பு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் பாக்கையே தனியாக, புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதலாம் பிரிவில் வைத்திருக்கிறது. பக்கற்றில் விற்கும் பாபுல், மாவா போன்ற பாக்குக் கலவைகளை மெல்லும் இளைஞர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். பாக்கு தொடர்ந்து மென்றால் கன்னத்தின் உள்தோல் விறைத்து நார் நாராகி, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே வரும். தொடக்கத்தில் உறைப்புச் சாப்பிட்டால் எரியும், அவ்வளவுதான். உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி வாய்க்குள் விட்டுப் பாருங்கள். முன்பு போனது இப்போது போகவில்லை என்றால் வெள்ளையாக்கலை மறந்துவிட்டு அந்த வாரமே வாருங்கள்.

தேசிக்காயும் அப்பச்சோடாவும் தேய்த்தால் வெளுக்குமே?

தேசிக்காய்ப் புளி எனாமலைக் கரைக்கிறது. முதல் நாள் பளிச்சென்று தெரியும். பிறகு எனாமல் மெலிந்து, உள்ளே உள்ள மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும். போன எனாமல் திரும்ப வளராது. உமிக்கரியும் கடைக் கரிப்பொடியும் உரசி எடுக்கும் வேலையைத்தான் செய்கின்றன. அப்பச்சோடா அவற்றைவிட மென்மையானது, மேற்கறையைக் கொஞ்சம் குறைக்கும். உள்நிறத்தை எதுவும் தொடாது. ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். வெள்ளைக்கு என்று சொல்லவில்லை.

பார்லரில் செய்துகொள்ளலாமா? ஒன்லைனில் ஜெல் வாங்கலாமா?

வேண்டாம். அதில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று உங்களுக்கும் தெரியாது, பூசுகிறவருக்கும் தெரியாது. ஐரோப்பிய நாடுகளில் 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெரொக்சைட் உள்ளதைப் பல் வைத்தியர் வழியாகத்தான் கொடுக்கலாம் என்று சட்டமே இருக்கிறது. அதற்கும் மேலாக, பார்லரில் உங்கள் நாக்கைத் தூக்கி அடியில் யாரும் பார்க்கப் போவதில்லை.

வேப் அடித்தால் கறை வராதுதானே?

தார் இல்லாததால் கறை குறைவு. நிக்கோட்டின் இருந்தால் முரசுக்குச் சொன்னது அப்படியே பொருந்தும்.

பல் கூசுமா?

பலருக்குக் கூசும், சில நாளில் போய்விடும். பொட்டாசியம் நைத்திரேற் உள்ள பற்பசையை இரண்டு வாரம் முன்பே தொடங்குங்கள். கூச்சம் கூடினால் ஒரு இரவு விட்டு ஒரு இரவு ட்ரே போடலாம்.

யாருக்குச் செய்வதில்லை?

பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார். சூத்தைப் பல் இருந்தால் முதலில் அதை அடைக்க வேண்டும்.

என் பல்லின் நிறம் புகையால்தான் வந்தது என்று எப்படித் தெரியும்?

பார்த்தாலே பெரும்பாலும் தெரியும். அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்த பலரின் பல்லில் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் பழுப்புப் புள்ளியும் இருக்கும். அது தண்ணீரில் உள்ள புளோரைட்டால் சிறு வயதிலேயே வந்தது. சாம்பல் நிறத்தில் பட்டை பட்டையாக இருந்தால், எட்டு வயதுக்குள் டெட்ராசைக்கிளின் மருந்து எடுத்திருக்கலாம். குளோர்ஹெக்சிடின் வாய்கொப்பளிப்பை மாதக்கணக்கில் தொடர்ந்தாலும் பழுப்பு ஏறும். ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் அது பெரும்பாலும் எப்போதோ அடிபட்டுச் செத்த பல். அதற்கு வைத்தியம் வேறு.

சரி, விட்டுப் பார்க்கிறேன். எப்போது தொடங்குவது?

இந்தக் கேள்வி வந்தால் அன்று எனக்கு நல்ல நாள். நான் பார்த்த வரையில், நம் ஊரில் விடுவதற்கு நல்ல வாசல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஐயப்பனுக்கு மாலை போட்டவர் 41 நாள் சிகரெட்டைத் தொடுவதில்லை. கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் வருகிறவர்கள் நோன்பு மாதத்தில் பகல் முழுக்கப் புகைக்காமல் இருக்கிறார்கள். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். "என்னால் ஒரு நாள்கூட முடியாது" என்று சொன்னவரே மாலை போட்டதும் இருந்து காட்டுகிறார். நிக்கோட்டின் இல்லாமல் வரும் எரிச்சலும் தவிப்பும் முதல் வாரத்தில்தான் உச்சம். மூன்று, நான்கு வாரத்தில் பெருமளவு அடங்கிவிடும். அப்படியானால் 41 நாளில் கடினமான பகுதி முழுக்கக் கடந்துவிடுகிறது. மாலையைக் கழற்றிய அன்று நண்பர் நீட்டும் அந்த ஒரு சிகரெட்தான் மிச்சம்.

அதனால் கிளீனிங்கை விரதத்துக்கு முந்திய வாரம் வைத்துக்கொள்ளுங்கள். விரத நாள்களிலேயே இரவில் ட்ரே போடுங்கள். நோன்பு பிடிப்பவர்கள் இரவில் போட்டு, சஹருக்கு எழும்பும்போது கழற்றி வாயை நன்றாகக் கொப்பளிக்கலாம். நாளுக்கு நாள் பல் வெளுப்பது கண்ணாடியில் தெரியும்போது, கையில் எடுத்த சிகரெட்டைத் திரும்ப வைத்தேன் என்று சிலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தவிப்பு வரும்போது தண்ணீர் குடியுங்கள், எழும்பி நடவுங்கள். சில நிமிடம் தாக்குப் பிடித்தால் தணியும். விட்டு ஐந்து முதல் பத்து வருடத்தில், புகையால் கூடியிருந்த வாய்ப் புற்றுநோய் ஆபத்து பாதியாகக் குறைகிறது. இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அப்பா நாற்பது வருடமாகச் சுருட்டும் வெற்றிலையும். தங்கச்சியின் கல்யாணம் வருகிறது, அவருக்கும் வெள்ளையாக்கலாமா? வைத்தியரிடம் வா என்றால் வரமாட்டார்.

அப்பாவிடம் "வாயைச் சோதிக்க" என்று சொல்லாதீர்கள். "கல்யாணப் படத்துக்குப் பல்லைக் கிளீன் பண்ணிக்கொண்டு வருவோம்" என்று கூட்டி வாருங்கள். மகளுக்காக என்றால் வருவார். கிளீனிங் செய்யும்போதே அவர் கன்னத்தின் இரு உட்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி, சுருட்டின் சூடு படும் மேலண்ணம் எல்லாவற்றையும் நான் பார்த்துவிடுவேன். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரமாக ஆறாத புண், தடித்த இடம் ஏதும் இருந்தால் அன்றே கடிதம் எழுதிப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்புவேன். ஒன்றும் இல்லை என்றால் காவியைச் சுத்தமாக எடுத்து அனுப்பிவிடுகிறேன். அவர் வயதுக்கு அந்த நிறமே அழகாக இருக்கும். பல்செட் போடுபவரானால் அதையும் போட்டுக்கொண்டு வரட்டும், கழற்றிப் பார்க்க வேண்டும். வருகிற வழியில் மட்டும் வெற்றிலை போட விடாதீர்கள். சாறு ஊறியிருந்தால் கன்னத்தின் உள்தோல் சரியாகத் தெரியாது.